இசக்கியின் கையை நான் ஏன் உருவி விடவில்லை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்த சீசனுக்கு குற்றாலம் மசாஜ் தொழிலாளர்கள் நாங்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறோம். மூத்தவர்களிடம் தொழில் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஒருவருக்குக் கண் தெரியவில்லை, ஒருவருக்குக் கை நடுங்குகிறது, ஒருவர் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. கடைசியில் என்னிடம் வந்து நின்றார்கள். பிளஸ் டூவில் பயாலஜியில் பெயிலானவனைப் பார்த்து, அதுவும் உடம்பைப் பற்றி எழுது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஒரு வாரம் டிமிக்கி கொடுத்தேன். விடவில்லை.

சரி, எழுதுகிறேன். எப்படித் தேய்ப்பது என்று சொல்லித்தர குற்றாலத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எழுதப்போவது ஒரு கையைத் தேய்க்காமல் விட்டது பற்றி. அது என் கூட்டாளி இசக்கியின் வலது கை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு தூக்குகிறவன். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸாகி, ஓட்டம், தாண்டுதல், கயிறு ஏறுதல் என்று உடல்தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தான். வயது வரம்பு அவனுக்கு அத்தோடு முடிகிறது. அதில் தவறினால் அப்புறம் விண்ணப்பமே போட முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் கை போனது.

முதல் நாள் கேட்ட பாடம்

நான் வேலைக்குச் சேர்ந்தது வேலுச்சாமி அண்ணாச்சியிடம். மெயின் அருவிக்குப் போகிற பாதையில் எண்ணெய்க் கடைகள் வரிசையாக இருக்கும். அதில் தார்ப்பாய் போட்டு நாலு பெஞ்சு கிடப்பது அவருடையது. முதல் நாள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னலே கை, மெத்தை கணக்கா இருக்கு? பேனா புடிச்ச கையோ?"

"அதையும் ஒழுங்காப் புடிக்கலை அண்ணாச்சி. அதாம் இங்கன வந்துருக்கேன்."

"வாய் மட்டும் நல்லா வழுக்குது. எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்றார்.

பிறகு தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். மொத்தப் பாடமும் இவ்வளவுதான்: "எங்கன வலிக்குன்னு கேளு. அங்கன அமுக்கு. கத்துனாம்னா இன்னும் ரெண்டு அமுக்கு. பொறவு அருவிக்குக் கீழ கொண்டு நிறுத்து. மிச்சத்தைத் தண்ணி பாத்துக்கிடும்."

எங்கள் ஊரில் எந்த வலிக்கும் பெயர் சுளுக்குதான். லாரியில் இருந்து விழுந்தவனும் சுளுக்கு என்றுதான் வருவான். கழுத்தைத் திருப்பித் தூங்கியவனும் சுளுக்கு என்றுதான் வருவான். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணெய், ஒரே அமுக்கு, ஒரே அருவி. நானும் அப்படியே செய்துகொண்டிருந்தேன். குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் எழுந்து சிரித்துக்கொண்டுதான் போவார்கள்.

ஆனால் எனக்கு ஒரு அரிப்பு உண்டு. ஒரு நாளைக்கு எத்தனையோ முதுகை அமுக்குகிறேனே, கைக்கு அடியில் உள்ளே என்ன நடக்கிறது? சதை ஏன் ஒரு இடத்தில் முடிச்சுப் போடுகிறது, ஏன் அவிழ்கிறது? அண்ணாச்சியிடம் கேட்டால், "அவுந்துச்சுல்லா? துட்டை வாங்கிப் போடு" என்பார்.

குளிக்கத் தடை போட்ட காலை

மலையில் ராத்திரி முழுக்க மழை. காலையில் அருவி செம்மண் கரைத்த மாதிரி கொட்டியது. போலீஸ் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, கயிறு கட்டித் தடை போட்டுவிட்டார்கள். தடை போட்டால் எங்கள் பெஞ்சில் ஈதான் படுக்கும். குளிக்க முடியாதவன் எதற்கு எண்ணெய் தேய்ப்பான்?

ஒரே ஒருவர் வந்தார். கீழப்பாவூர்க்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "எப்படியும் மத்தியானம் தடையை எடுத்துருவான். அதுக்குள்ள முதுகைக் கொஞ்சம் பாரு" என்று குப்புறப் படுத்துவிட்டார். கூட வந்த மகள் பெயர் கோமதி. பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பு. தார்ப்பாய்க்கு வெளியே ஸ்டூல் போட்டு ரம்புட்டான் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"சார், முதுகா இது? எல்லையில பதுங்குகுழி தோண்டுன எடம் கணக்கா மேடும் பள்ளமுமா கெடக்கு" என்றேன்.

"அமுக்குதோம்னு வந்தா அமுக்கணும். ஆராய்ச்சிக்கு என் மவ இருக்கா" என்றார்.

ஆராய்ச்சி என்றதும் என் அரிப்பு எழுந்துவிட்டது. "அக்கா, நீங்க என்ன ஆராய்ச்சி?"

"செல்லு. தசையில இருக்குத செல்லு."

"அப்பம் எனக்கு ஒரு சந்தேகம். உடம்பு பூராவும் செல்லுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. நான் இந்த அமுக்கு அமுக்குதேம்லா, அது எல்லாம் கோழி முட்டை மாதிரி ஒடஞ்சு ஒழுகிராதா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். ரம்புட்டானைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒடையாது. ஏம்னா, செல்லுக்கு உள்ள ஒரு கூடு இருக்கு. நமக்கு எலும்புக்கூடு இருக்குல்லா, அது மாதிரி அதுக்கும். நான் படிக்குதது அதைத்தான்."

"செல்லுக்கு எலும்பா?"

"எலும்பு இல்ல. புரதம். நூல் நூலா ஓடும். மூணு தினுசு இருக்கு. அதுல ஒண்ணு பேரு ஆக்டின். செல்லோட தோலுக்கு உள்பக்கமா வலை மாதிரி பின்னிக்கெடக்கும். நீங்க அமுக்குனா வளைஞ்சு குடுக்கும், எடுத்தா நிமுந்துரும்."

புரதம் என்றால் பருப்பும் முட்டையும் என்பதோடு என் படிப்பு நின்றுபோயிருந்தது. "அது எப்படி இருக்கும்?" என்றேன்.

சுற்றிப் பார்த்தாள். பக்கத்துக் கடையில் பாசிமாலைகள் தொங்கின. இரண்டு சரம் வாங்கி வந்து, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, பெஞ்சு முனையில் நீட்டிப் பிடித்தாள்.

"இந்தா பாருங்க. ஒவ்வொரு பாசியும் ஒரு ஆக்டின். தனியா இருந்தா வெறும் உருண்டை. ஒண்ணு பின்னால ஒண்ணு ஒட்டுச்சுன்னா, இப்படி ரெண்டு சரம் முறுக்குன மாதிரி கயிறு ஆயிரும்."

"யாரு கோக்குதா?"

"யாரும் கோக்கல. உள்ள நூலும் கெடையாது. உருண்டையே வந்து ஒட்டிக்கிடும். வேண்டாம்னா கழண்டுரும். இந்த முனையில புதுசு வந்து சேரும், அந்த முனையில பழசு உதிரும்."

"அப்பம் கயிறு நீளாதா?"

"ரெண்டும் ஒரே வேகத்துல நடந்தா நீளாது. ஆனா கயிறு இருக்குத எடம் மட்டும் நகந்துக்கிட்டே போவும்."

எனக்கு உடனே ஞாயிற்றுக்கிழமை அருவி வரிசை ஞாபகம் வந்தது. வால் பக்கம் ஆள் சேர்ந்துகொண்டே இருப்பான், தலைப் பக்கம் குளிக்க இறங்கிக்கொண்டே இருப்பான். காலையில் நின்ற ஆள் ஒருவன்கூட மத்தியானம் இருக்கமாட்டான். வரிசை மட்டும் அதே நீளத்துக்குக் கிடக்கும். சொன்னேன்.

"அதேதாம். செல்லு ஊர்ந்து போறதும் இதை வச்சுத்தான். போக வேண்டிய பக்கத்துல ஆக்டின் சேந்துக்கிட்டே வந்து தோலை முன்னால தள்ளும். காயம் பட்ட எடத்துக்கு ரத்தத்துல இருக்குத வெள்ளை அணு ஓடி வருதுல்லா? கால் இல்லாம எப்படி வருதுன்னு நெனைக்கீங்க?"

இத்தனை வருஷம் என் கைக்கு அடியில் இவ்வளவு போக்குவரத்து நடந்திருக்கிறது. ஒருத்தர்கூட எனக்குச் சொல்லவில்லை.

"சதையிலயும் இதே கயிறுதானா?"

"இதே கயிறுதான். ஆனா அங்கன ஓடாம ஒழுங்கா வரிசையாக் கட்டிப் போட்டிருக்கும். பக்கத்துல மயோசின்னு இன்னொரு புரதம். அதுக்கு ஏகப்பட்ட தலை உண்டு. கைன்னு வச்சுக்கோங்க. ஒரு கை கயித்தைப் புடிக்கும், இழுக்கும், விடும், தள்ளி இன்னொரு எடத்துல புடிக்கும். அப்படி இழுக்க இழுக்கத்தான் தசை சுருங்குது."

"கயிறு ஏறுத மாதிரி" என்றேன்.

"அப்படியேதான்."

இசக்கியை நினைத்துக்கொண்டேன். தினமும் காலையிலும் சாயங்காலமும் புளியமரத்தில் கட்டிய கயிற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அவன் ஏறும்போது அவன் கைக்குள்ளேயும் கோடிக்கணக்கில் ஏறுகிறார்கள் என்று நினைத்தால் வேடிக்கையாக இருந்தது. "எல்லாக் கையும் ஒண்ணு போல விட்டுட்டா?" என்று கேட்டேன்.

"வழுக்கிரும்லா? சிலது விடும்போது சிலது புடிச்சுக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு சொல்லட்டா? புடிக்கத்தான் சத்து வேணும்னு நெனைப்போம். புடிச்ச கையை விடத்தான் சத்து தேவை. உயிர் போன பொறவு உடம்பு வெறைக்குதுல்லா, ஏன்? விடுததுக்குச் சத்து இல்லாம எல்லாக் கையும் புடிச்சபடி நின்னுருது."

பெஞ்சில் இருந்து குரல் வந்தது. "ஏட்டி, மனுசன் உயிரோட குப்புறக் கெடக்கேன். எதைப் பத்திப் பேசுத?"

கடைசியாக ஒன்று கேட்டேன். இதைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. "அக்கா, இந்தக் கயிறு அறுந்தா?"

"கொஞ்சமா அறுந்தா உடம்பே கட்டிக்கிடும். தசை ஓரத்துல சும்மா தூங்குத செல்லு உண்டு. அது முழிச்சு, ஊர்ந்து வந்து, அறுந்த எடத்துல ஒட்டி, புதுசாக் கயிறு கட்டும். ஆனா மொத ரெண்டு மூணு நாளு உள்ள ரத்தம் கசியும், வீங்கும். அந்த நேரம் போட்டுப் பெசையக் கூடாதும்பாங்க."

"நாங்க அந்த நேரந்தானே பெசையுதோம்?"

"நான் டாக்டர் இல்ல அண்ணே. கண்ணாடித் தட்டுல எலிச் செல்லை வளத்துப் பாக்குதவ. மனுசக் கைக்கு டாக்டருகிட்டதான் கேக்கணும்."

விசில் சத்தம் கேட்டது. தண்ணீர் குறைந்து, தடையை எடுத்துவிட்டார்கள். அப்பாவும் மகளும் அருவிக்குப் போனார்கள். பாசிமாலையை என் பெஞ்சிலேயே மறந்துவிட்டுப் போனாள். அண்ணாச்சி அதை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டார்.

இசக்கி கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்

அவர்கள் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஷேர் ஆட்டோவில் இருந்து இசக்கி இறங்கினான். இடது கையால் வலது கையைக் குழந்தை மாதிரித் தாங்கிப் பிடித்திருந்தான்.

"என்னலே, யாரு புள்ள அது?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "காலையில கயித்துல ஏறும்போது உள்ள படக்குன்னு கேட்டுச்சுலே. மடக்க முடியல."

இசக்கி ஏறுகிற விதம் எனக்குத் தெரியும். காலைக் கயிற்றில் கொடுக்கமாட்டான். கால் காற்றில் தொங்க, இரண்டு கையையும் ஒன்றாக விட்டு, மேலே தாவிப் பிடிப்பான். நேரம் மிச்சமாகும் என்பான். பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும், அதுதான் உண்மை. அப்படித் தாவிப் பிடித்தபோதுதான் அந்தச் சத்தம்.

பெஞ்சில் உட்காரவைத்துத் தொட்டுப் பார்த்தேன். மேல்கை வீங்கியிருந்தது. முடிச்சு என்றால் விரலுக்கு அடியில் உருளும், எனக்கு அது நன்றாகத் தெரியும். இது உருளவில்லை. ஒரு இடத்தில் விரல் லேசாகப் பள்ளத்தில் இறங்கியது. சுற்றிலும் வெதுவெதுவென்று இருந்தது. தோலுக்கு அடியில் நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "சுளுக்குதாம்லே. எண்ணெயைச் சூடு பண்ணு. தோள்பட்டையில இருந்து மணிக்கட்டு வரை உருவி விடு. அந்தால அருவில காட்டச் சொல்லு."

எண்ணெய் சூடானது. கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். கை முன்னால் போகவில்லை. உள்ளே பாசி உதிர்ந்து கிடக்கிற மாதிரியும், அதைக் கோர்க்க யாரோ ஊர்ந்து வருகிற மாதிரியும், அதன் நடுவில் நான் கட்டைவிரலை விடப்போகிற மாதிரியும் இருந்தது.

"இதை நான் உருவ மாட்டேம்லே. ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"என்னது?" என்றான் இசக்கி.

"இது சுளுக்கு மாதிரி இல்ல. உள்ள அறுந்துருக்குமோன்னு தோணுது. இன்னைக்கு உருவுனா ரத்தம் கூடக் கசியும்."

"யாரு சொன்னா?"

"காலையில ஒரு அக்கா வந்துச்சு. பெங்களூர்ல எலிச் செல்லு வளக்குதாங்க."

இசக்கி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. "அடுத்த மாசக் கடைசியில எனக்கு டெஸ்ட்டு. உடனே சரியாவணும்னு உன்கிட்ட ஓடி வந்தா, நீ எலிக்கதை சொல்லுத. ஆஸ்பத்திரிக்குப் போனா மாவுக்கட்டு போட்டு உக்கார வச்சுருவான். அந்தால என் சோலி முடிஞ்சுது."

"மாவுக்கட்டு எலும்புக்குலே மூதி."

"வெளையாடாத சுடலை. ஊரு பூரா தேய்ச்சு விடுத. எனக்கு மட்டும் மாட்டேங்க."

அண்ணாச்சிக்கும் கோபம் வந்துவிட்டது. "வந்த ஆளைத் தொட மாட்டேன்னு சொன்ன மொத ஆளு நீதாம்லே. கொண்டா கிண்ணத்தை, நான் உருவுதேன்" என்று கை நீட்டினார். கிண்ணத்தைக் கொடுக்கிற மாதிரி நீட்டி, என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். சூடு கொஞ்சம் கூடத்தான். ஆனால் அடுத்த எண்ணெய் காயும்வரை நேரம் கிடைத்தது.

"கிறுக்குப் புடிச்சிருக்குலே இவனுக்கு" என்றார் அண்ணாச்சி.

இசக்கி எழுந்துவிட்டான். "நீங்க ரெண்டு பேரும் வேண்டாம். அருவி இருக்கு." விறுவிறுவென்று நடந்தான்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர்

தடை எடுத்த உடனே அருவி எப்படிக் கொட்டும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாதாரண நாளிலேயே முதுகில் தடி வைத்து அடிக்கிற மாதிரி விழும். வீங்கிய கையை அதற்குக் கீழே நீட்டினால் என்ன ஆகும்? தலையில் எண்ணெய் வடிய நான் பின்னால் ஓடினேன்.

"லே இசக்கி, நில்லு."

"போலே."

பிடித்து இழுக்கலாம் என்றால் கை அடிபட்ட கை. அவன் எடையும் என் எடையும் ஒன்றில்லை, மூட்டை தூக்குகிறவன். வரிசைக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் விசிலோடு நின்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உரக்கக் கத்தினேன்.

"சார், அந்த நீலச் சட்டையை உள்ள விடாதீங்க. கை போயிருக்கு சார் அவனுக்கு."

போலீஸ்காரர் திரும்பினார். "என்னப்பா கையில?"

"ஒண்ணும் இல்ல சார். சும்மா சுளுக்கு" என்றான் இசக்கி.

"தலைக்கு மேல தூக்கு பாப்பம்."

தூக்கினான். தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. முகம் கோணிப்போனது.

"உள்ள வழுக்குச்சுன்னா கைப்பிடிக் கம்பியை எதால புடிப்ப? தண்ணி வேகத்தைப் பாத்தியா? ஓரமாப் போ."

"சார், நான் சும்மா ஓரத்துல..."

"சொல்லுதேம்லா? போ."

வேறு யாராவது தடுத்திருந்தால் இசக்கி ஒரு கையாலேயே பேசியிருப்பான். ஆனால் நாளைக்குப் போலீஸாகப் போகிறவன், இன்றைக்கு போலீஸிடம் எப்படி வம்பு பண்ணுவான்? பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்று விறைப்பாகச் சொல்லித் திரும்பினான். என் பக்கத்தில் வந்ததும், "இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேம்லே. எனக்கு வேலை கெடைக்கலன்னா அது உன்னாலதான்" என்றான்.

"சரி, முழிக்காத. என் பைக்குல ஏறு" என்றேன்.

அருவியும் இல்லை, மடக்கக் கையும் இல்லை என்றானதும் ஏறினான். குற்றாலத்தில் இருந்து தென்காசி அரசு ஆஸ்பத்திரி வரை என் தோளைக்கூடப் பிடிக்காமல், வேகத்தடையில் எல்லாம் துள்ளிக்கொண்டு வந்தான்.

அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டதே இதுதான்: "யாராச்சும் உருவி விட்டாங்களா?" கேட்டுவிட்டு, தலை முழுக்க எண்ணெயோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர். எண்ணெய் எனக்கு மட்டுந்தான்" என்றேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். தசை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, முழுக்க அறுபடவில்லை என்றார். ஐஸ் வைக்க வேண்டும், கையைத் தூளியில் தொங்கவிட வேண்டும், தேய்ப்பு, சூடு, பாரம் எதுவும் கூடாது, பிறகு சொல்லிக்கொடுக்கிற பயிற்சியை மட்டும் மெதுவாகச் செய்ய வேண்டும்.

"அடுத்த மாசம் கயிறு ஏறணும் டாக்டர்" என்றான் இசக்கி.

"ஏறலாம்னும் சொல்ல மாட்டேன். முடியாதுன்னும் சொல்ல மாட்டேன். கை சொல்லட்டும்" என்றார்.

கை சொல்லும்வரை

அதன் பிறகு இசக்கி என்னோடு பேசவில்லை. மார்க்கெட்டுக்கும் போக முடியாமல் வீட்டில் கிடந்தான். நான் தினமும் வேலை முடிந்து ஐஸ் வாங்கிக்கொண்டு போவேன். கதவைத் திறப்பான், ஐஸை வாங்குவான், கதவைச் சாத்துவான்.

எனக்கும் பயம்தான். டாக்டர் சொல்லிவிட்டார், சரி. ஆனாலும் டெஸ்ட்டில் தவறிவிட்டால் அவன் என்னைத்தான் சொல்லுவான். அண்ணாச்சி வேறு, "உருவி விட்டிருந்தா இந்நேரம் மரத்துல ஏறியிருப்பான்" என்று தினமும் ஒருமுறை சொன்னார். ஒருவேளை அவர் சொல்வது சரியோ? அடுத்தவன் வேலையை வைத்து நான் பந்தயம் கட்டிவிட்டேனோ?

அப்போதெல்லாம் அந்தக் கைக்குள்ளே என்ன நடக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன். வெளியே பார்த்தால் தூளியில் தூங்குகிற கை. உள்ளே ராப்பகலாக வேலை. ஒரு கூட்டம் குப்பையை அள்ளும். ஒரு கூட்டம் முன்பக்கம் பாசியைச் சேர்த்துச் சேர்த்து ஊர்ந்து வரும். வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, உருண்டை உருண்டையாக எடுத்துக் கயிறு முறுக்கும். மேஸ்திரி கிடையாது, கூலி கிடையாது. நாம் செய்ய வேண்டிய உதவி, நடுவில் போய்க் காலை வைக்காமல் இருப்பது. எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. வலிக்கிற இடத்தைப் பார்த்தாலே கட்டைவிரல் தானாக நீளும்.

ஒரு நாள் ஐஸ் கொண்டு போனபோது கதவைத் திறந்தவன் சாத்தவில்லை. வலது கையை முழுசாக மடக்கிக் காட்டினான். நீலம் மஞ்சளாகி, மஞ்சளும் போயிருந்தது. இனிமேல் கயிற்றில் மெல்லத் தொங்கிப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம்.

புளியமரத்தடிக்குக் கூடவே போனேன். தொங்கினான். வலி இல்லை. உடனே பழையபடி இரண்டு கையையும் விட்டுத் தாவப் பார்த்தான். நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுலே."

"எங்கன விட? உன் சதைக்குள்ள கோடிக் கை இருக்காம். அதுல ஒரு கூமுட்டைகூட உன்னை மாதிரி எல்லாத்தையும் ஒண்ணா விட்டுத் தாவுததில்ல. சிலது விடும்போது சிலது புடிச்சுக்கிட்டு இருக்குமாம். காலைக் குடுத்து ஏறுலே. காலு புடிச்சுக்கிட்டு நிக்கட்டும், கையை ஒண்ணொண்ணா மாத்து."

"அது சின்னப் புள்ளைக ஏறுத மாதிரி இருக்கும்."

"சின்னப் புள்ளைகள்ல எவன் கையாவது அறுந்துச்சா?"

என்னை முறைத்துக்கொண்டே பாதத்தைக் கயிற்றில் பின்னினான். முதலில் அசிங்கமாக இருந்தது. பல்லி சுவரில் யோசித்து யோசித்து ஏறுகிற மாதிரி. ஒரு வாரத்தில் பல்லிக்கு வேகம் வந்தது. தாவுகிற அழகு இல்லை. ஆனால் ஒருமுறைகூட வழுக்கவில்லை.

டெஸ்ட் அன்று திருநெல்வேலிக்குக் கூடப் போனேன். மைதானத்துக்குள் விடவில்லை. வெளியே சுவர் ஓரம் அம்மாக்களும் மாமாக்களும் நின்ற கூட்டத்தில் நின்றேன். உள்ளே இருந்து விசில் சத்தம் வரும்போதெல்லாம் என் மேல்கை இழுத்துக்கொண்டது. வெளியே வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு விரலைக் காட்டினான். கயிற்றில் ஏறுகிற உயரத்தைப் பார்த்து ஒரு ஸ்டாரோ ரெண்டு ஸ்டாரோ கொடுப்பார்கள். ரெண்டு ஸ்டார் வாங்குவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தவன் அவன். ஒரு ஸ்டார்தான் கிடைத்தது. தகுதிக்கு அது போதும். மிச்சத்தை ஓட்டத்தில் எடுத்திருந்தான். சில மாதம் கழித்துப் பட்டியலில் பெயர் வந்தது. இப்போது பயிற்சிப் பள்ளியில் இருக்கிறான்.

புதிதாக எண்ணெய்க் கிண்ணம் தூக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நான் உருவி விட்டிருந்தால் கை கெட்டுப்போயிருக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் ஆள் படுத்ததும் எங்கே வலிக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது ஆனது, எப்படி ஆனது, சத்தம் கேட்டதா என்று கேளுங்கள். வீங்கி, சுட்டு, நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெயை மூடி வைத்துவிட்டு தென்காசிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். அண்ணாச்சி, "டாக்டருக்கு ஆள் புடிச்சு விடுதியாலே?" என்று என்னைத் திட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை. உங்களையும் திட்டுவார். கேட்டுக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் அங்கே வேலை நடக்கிறது. அது முடிந்த பிறகு அடிபட்டவன் நம் பெஞ்சுக்கு எப்படியும் வந்துவிடுவான். உடம்பு அலுப்பு எங்கே போகப்போகிறது?

எழுதி முடித்ததும் முழுவதையும் போனில் போட்டோ எடுத்து இசக்கிக்கு அனுப்பினேன். கீழே ஒரு கேள்வியும் போட்டேன்: "லே, அன்னைக்கு உருவி விடலன்னு இன்னும் கோவமா?"

ராத்திரி பதில் வந்தது:

"கோவந்தாம்லே, நேத்து கிரவுண்டுல ஒருத்தன் தொடையைப் புடிச்சுக்கிட்டு விழுந்தான், டாக்டர் வருத வரை எவனையும் தொட விடாம நாந்தான் காவலுக்கு நின்னேன்."